நடந்து வந்த சிட்ஸல்

எங்கள் ஊரில் புதிதாக யாரையாவது பார்த்தால், பெயர் கேட்ட கையோடு இன்னொன்றும் கேட்பார்கள்: "உங்க ஆளுங்க நடந்து வந்தாங்களா, ரயில்ல வந்தாங்களா?" வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நாங்கள் சிரிப்பதில்லை.

உங்களுக்கும் இது தெரிந்ததுதான். நீங்களும் இந்த சான்பீட் பள்ளத்தாக்கில் பிறந்தவர். இருந்தாலும் எதையும் அடியிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. சபையின் குடும்ப வரலாற்று அறையில் ஞாயிறுதோறும் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மூதாதையரைத் தேடிக்கொடுத்து, அப்படியே பழகிவிட்டது.

1869ஆம் ஆண்டு மே மாதம் கிழக்கிலிருந்து வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து வந்த தண்டவாளமும் யூட்டாவில் ஒன்றுசேர்ந்தன. அதற்கு முன் நம் சபைக்காரர்களாக இங்கே குடியேற வந்தவர்கள் மாட்டுவண்டியிலோ, கைவண்டியை இழுத்துக்கொண்டோ சமவெளியைக் கடந்தவர்கள். அவர்கள் முன்னோடிகள். அதற்குப் பின் வந்தவர்கள் பயணிகள். முன்னோடியின் வாரிசுக்கு ஊரின் முன்னோடிச் சங்கத்தில் இடம் உண்டு. முதல் முன்னோடிகள் வந்து சேர்ந்த நாளான ஜூலை இருபத்துநான்கு ஊர்வலத்தில் கைவண்டி இழுக்கும் உரிமை உண்டு. பயணியின் வாரிசு நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்டலாம்.

கல்யாணமான நாளிலிருந்து நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி நெட்ராவுக்கு அப்பா வழி, அம்மா வழி இரண்டுமே கைவண்டி. நல்லவள். ஆனால் ஜூலை பிறந்துவிட்டால் வாய் சும்மா இருக்காது. "எங்க ஆளுங்க செருப்பு தேஞ்சு, கால் தேஞ்சு வந்தாங்க. உங்க ஆளுங்க ஜன்னலோரம் இடம் பிடிச்சு வேடிக்கை பாத்துக்கிட்டே வந்தாங்க" என்பாள். அவள் அப்பா அதற்கும் மேல். நான் சாப்பாட்டு மேசைக்கு வந்தால் பணியாரத் தட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை, முதல்ல டிக்கெட்டை எடுங்க" என்று கையை நீட்டுவார். மேசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்த மனிதரின் அடக்கச் சடங்கில்கூட மைத்துனன் ஒருவன் என் காதில், "அப்பா எந்த வண்டியில போறாரு தெரியுமா? கண்டிப்பா ரயில் இல்ல" என்றான்.

அவர்கள் கேலி செய்தது என் கொள்ளுப்பாட்டி சிட்ஸலை. அவள் தன் தாய் மாரனோடு 1871இல் ரயிலில் வந்து இறங்கினாள். பதின்மூன்று வயது. ரயில் நிலையத்தில் எடுத்த படம்கூட எங்கள் வீட்டில் இருந்தது. கையில் ஒரு ஆப்பிள். கடித்த ஆப்பிள். கஷ்டப்பட்ட முகமே இல்லை.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன். டென்மார்க்கில் அந்தக் காலத்தில் குடும்பப் பெயர் நிலையாக இருக்காது. அப்பா பெயர் யென்ஸ் என்றால் மகள் 'யென்ஸ் மகள்', அவ்வளவுதான். ஒரே சபைவட்டாரத்தில் ஐந்தாறு யென்ஸ்கள் இருந்தால் வாரிசுகளைப் பிரித்தெடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். எனக்கு அதில்தான் ருசி. இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு பிள்ளை இறந்துபோனால், அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள். பெயர் வீணாகக் கூடாது என்று நினைத்தார்களோ, பிரிய மனமில்லையோ, தெரியாது. ஆக ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே ஊர், ஒரே பெயரில் இரண்டு பேர் கிடைப்பார்கள். புதிதாகத் தேட வருகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். "பிறந்த வருஷத்தைப் பாருங்க, பெயரை நம்பாதீங்க" என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

என் கொள்ளுப்பாட்டிக்கும் அப்படி ஒரு அக்கா இருந்தாள். அவளும் சிட்ஸல், யென்ஸ் மகள்.

யென்ஸ் 1857இல் மூத்த பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு முன்னால் கிளம்பினார். பையன் மிக்கெலுக்குப் பன்னிரண்டு வயது, சிட்ஸலுக்கு ஒன்பது. மனைவி மாரன் கர்ப்பிணி. படுக்கையில் கிடந்த தன் தாயை விட்டு வரவும் அவளால் முடியாது. அவள் ஊரிலேயே தங்கினாள். கைவண்டிக் கூட்டம் சமவெளியில் பாதி தூரம் வந்தபோது காய்ச்சலில் அந்தப் பெண் போய்விட்டாள். பிளாட் ஆற்றங்கரையில் புதைத்தார்கள். செய்தி டென்மார்க் போய்ச் சேர்ந்த குளிர்காலத்தில் மாரனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வேறு என்ன பெயர் வைப்பாள்?

யென்ஸ் நடந்தவர்தான்; ஆனால் எங்கள் ஊர்ச் சங்கத்தின் கணக்கில் அது அவரோடு நடந்து வந்து சேர்ந்த மிக்கெலின் கிளைக்குத்தான், பின்னால் ரயிலில் வந்த பிள்ளையின் கிளைக்கு இல்லை. ஆக, நடந்த சிட்ஸல் வந்து சேரவில்லை. வந்து சேர்ந்த சிட்ஸல் நடக்கவில்லை. இதை முதன்முதலில் தாளில் வரைந்து பார்த்தபோது, எவ்வளவு கொஞ்சம் குறைகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

இப்போதெல்லாம் உலகத்துக்கே பொதுவாகக் கணினியில் ஒரு வம்சாவளி மரம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம். ஒரே ஆளை இரண்டு பேர் தனித்தனியாகப் பதிந்துவிடுவதுண்டு. அதனால் கணினியே தேடிப் பார்த்து, "இவர்கள் ஒருவர்தானா?" என்று கேட்கும். கேள்விதான் கேட்கும், முடிவு நம்முடையது. இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். நடுவில் அம்புக்குறிகள். எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிக அழகான ஏற்பாடு. இடப்பக்கத்து அக்காவிடமிருந்து பிறந்த வருஷத்தையும் கைவண்டிப் பயணத்தையும் எடுத்தேன். வலப்பக்கத்துத் தங்கையிடமிருந்து கணவனையும் ஐந்து பிள்ளைகளையும் 1931இல் நேர்ந்த மரணத்தையும் எடுத்தேன். பிளாட் ஆற்றங்கரையை எடுக்கவில்லை. ரயிலையும் எடுக்கவில்லை.

கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம் வரும். "ஒரே நபர்" என்று எழுதினேன்.

உடனே ஒரு சிவப்புக் குறி வந்தது. கடைசிப் பிள்ளை பிறந்தபோது தாய்க்கு ஐம்பத்திரண்டு வயது, சரிபார்க்கவும் என்றது. கணினி கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் வேதாகமத்தில் சாராள் தொண்ணூறு வயதில் பெற்றாள். அதை அந்தக் கட்டத்தில் எழுதிக் குறியை நீக்கிவிட்டேன்.

அந்த ஜூலையில் ஊர்வலத்தின் முன்வரிசையில் நான் கைவண்டி இழுத்தேன். குறுக்குக்கட்டை வயிற்றில் அழுந்தும். இழுப்பதைவிடத் தள்ளுவதுபோல் உடம்பைச் சாய்த்தால் சுலபம். பேரப்பிள்ளைகள் பின்னால் தள்ளினார்கள். மைத்துனர்கள் நடைபாதையில் நின்று தொப்பியைக் கழற்றினார்கள். நெட்ரா மட்டும் வீட்டுக்கு வந்ததும் காலணியைக் கழற்றிக்கொண்டே, "ஆப்பிள் படத்தை ஏங்க எடுத்துட்டீங்க?" என்றாள்.

"அது வேற யாரோ. தப்பா மாட்டியிருந்தது."

"எனக்கு அந்தப் பாட்டியைப் பிடிச்சிருந்துச்சு" என்றாள். அதற்குப் பிறகு அவள் கேலி செய்வதில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

உங்கள் அத்தை தைரா வந்தது அந்த இலையுதிர் காலத்தில். மிக்கெலின் பேத்தி என்பதால் எனக்கும் தூரத்துச் சொந்தம். தொண்ணூறு தாண்டியவர், கைத்தடியைத் தட்டிக்கொண்டு வரலாற்று அறைக்குள் நுழைந்ததும், "பிரதர் வெர்டெல், செத்தவங்களுக்கு நீங்கதானே இங்க கிளார்க்கு? எனக்கு ஒரு ஆளை எடுத்துக் குடுங்க. சீக்கிரம், நானும் வரிசையில நிக்கிறேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அவருக்கு வேண்டியது ஆற்றங்கரைச் சிட்ஸல். நம் சபை முறைப்படி எட்டு வயதுக்கு முன் இறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் தேவையில்லை. இவள் ஒன்பது. உயிரோடு இருக்கும் ஒருவர் ஆலயத்தில் அவளுக்குப் பதிலாக நின்று எடுக்க வேண்டும்; பிறகு பெற்றோரோடு அவளைச் சேர்த்துக் கட்டும் சடங்கு. அது நடக்கும்வரை அவள் அந்தக் குடும்பத்துக்கு வெளியே நிற்கிறாள் என்பதுதானே நம் நம்பிக்கை. இத்தனை காலமும் யாரும் செய்யவில்லை. காரணம் எளிது. தங்கை சிட்ஸலுக்கு எப்போதோ செய்துவிட்டார்கள். பெயரைப் பார்த்தவர்களெல்லாம் முடிந்தது என்று நகர்ந்துவிட்டார்கள்.

"தாத்தா எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. 'பாப்பாவை விட்டுடாதே'ன்னு. நான் மறந்தே போயிட்டேன் பிரதர். இப்ப போய் அவரு முகத்துல எப்படி முழிப்பேன்?"

அந்தப் பெண்ணின் பெயர் ஆலயத்துக்குப் போக வேண்டுமானால் மரத்தில் அவள் தனி ஆளாக இருக்க வேண்டும். தனி ஆளாக இருந்தால் ரயில் திரும்பி வந்துவிடும். நான் நிதானமாக யோசித்தேன். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பி, "பாருங்க சிஸ்டர், சிட்ஸல், யென்ஸ் மகள். எல்லாச் சடங்கும் முடிஞ்சிருக்கு. கவலையே வேண்டாம்" என்றேன்.

"இது சின்னவ. நான் கேக்கறது பெரியவளை."

"ஒருத்திதான் இருக்கா, சிஸ்டர்."

"ஒருத்தியா? எங்க தாத்தா கையால குழி தோண்டியிருக்காரு!"

இதை ஒரே நாளில் முடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் படித்திருக்கிறேன். வயதானவரிடம் ஒரே கேள்வியை இரண்டு ஞாயிறுகளில் கேட்டால் இரண்டு பதில் வரும். ஆற்றின் வடகரையா, தென்கரையா? காலையா, மாலையா? குழியைத் தோண்டியது மண்வெட்டியாலா, வாணலியாலா? பதில்கள் மாறும்போது சுட்டிக்காட்டக் கூடாது. அவரே கவனிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். குரல் உயரக் கூடாது. நடுநடுவே வெந்நீர் கொடுக்க வேண்டும். மரத்தை வரைந்து காட்டினேன். ஐந்து பிள்ளைகளைக் காட்டினேன். "செத்துப்போன பொண்ணுக்கு அஞ்சு பிள்ளைங்க எப்படிப் பிறக்கும், சொல்லுங்க?" என்றேன். 

ஒரு ஞாயிறு, பையிலிருந்து ஒரு மரச்செருப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். சின்னப் பாதத்துக்கானது. ஒற்றை. "இன்னொண்ணு அவ கால்லயே இருக்கு. தாத்தா இதை மட்டும் வச்சுக்கிட்டாரு" என்றார்.

நல்ல சான்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செருப்பில் பெயர் எழுதியிருக்காது. "நடந்து வந்த பொண்ணு செருப்பு இது, சந்தேகமே இல்ல. இன்னொண்ணு வழியில தேஞ்சு போயிருக்கும்" என்றேன். பத்திரமாக இருக்கட்டுமே என்று கேட்டு வாங்கி ஊர்க் காட்சியகத்தில் வைக்கச் செய்தேன். கண்ணாடிப் பெட்டி, ஈரம் புகாது, என் கொள்ளுப்பாட்டியின் பெயரைப் பித்தளையில் பொறித்திருக்கிறார்கள்.

பனி விழுவதற்கு முந்தைய ஞாயிறு தைரா கேட்டார்: "அப்ப எங்க தாத்தா யாருக்காக அழுதாரு?"

"சின்ன வயசுல பட்ட கஷ்டம், சிஸ்டர். மனசு தானா ஒரு கதை கட்டிக்கும். பாவம், அவரு பொய் சொல்லணும்னு சொல்லல."

"ஆமா" என்றார். "பொய் சொல்றவரு இல்ல." கைத்தடியைத் தேடினார், நான் எடுத்துக் கொடுத்தேன். வாசலில் நின்று, "தொந்தரவு குடுத்துட்டேன், பிரதர்" என்றார். அதற்குப் பிறகு வரவில்லை. ஜனவரியில் போய்விட்டார். கடைசி நாட்களில் வீட்டில் யாரோ அந்தப் பாப்பாவைப் பற்றிக் கேட்டபோது, அப்படி யாரும் இல்லை என்று அவரே சொன்னதாக நீங்கள்தான் இப்போது சொன்னீர்கள். மன்னிக்கவும், அதைக் கேட்டதும் ஒரு நல்ல ஆசிரியருக்கு வரும் நிறைவு எனக்கு வந்தது.

ஆம், நான்தான் சேர்த்தேன். இரண்டு பேர் என்று தெரிந்தே சேர்த்தேன். தைரா சொன்னது ஒவ்வொன்றும் உண்மை என்று தெரிந்தே, அதை ஒவ்வொன்றாக அவரிடமிருந்து எடுத்தேன். நீங்கள் கேட்பதுபோல் திரும்பப் பிரிக்கவும் முடியும். மாற்றங்களின் பட்டியலில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே பொத்தான் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. எங்கே அழுத்த வேண்டும் என்று வேண்டுமானால் காட்டுகிறேன்.

ஆனால் அழுத்துவதற்கு முன் அந்தப் பெண்ணின் இடத்திலிருந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிரித்தால் அவளுக்கு என்ன மிஞ்சும்? காய்ச்சலும் ஆற்றங்கரையும். நான் அவளை மலை தாண்டி ஊர் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். வீடு கொடுத்தேன், நல்ல கணவன் கொடுத்தேன், ஐந்து பிள்ளைகள், எண்பத்து மூன்று வயதுவரை ஆயுள். ஒன்பது வயதில் செத்துப்போன குழந்தைக்கு இதைவிட அதிகமாக அவள் சொந்தக்காரர்கள் யாராவது செய்திருக்கிறார்களா?