சின்னத்துரை தின்னக்கூடிய செடி

— கடியுங்கோ ஸெய்னுதீன் நானா. நல்லாய்க் கடியுங்கோ. சும்மா நுனிப்பல்லால தொட்டுப்போட்டு வைக்காதையுங்கோ.

— கடிச்சிட்டன் வல்லிபுரம். முழுங்கியும் போட்டன். அறுபது வயசில என்னை ஆட்டுக்குட்டி மாதிரி குழை தின்ன வெச்சிட்டீங்களே.

— தொண்டை கடிக்குதோ? நாக்குத் தடிக்குதோ?

— ஒண்டுமில்ல.

— வயித்துக்குள்ள?

— வவுத்துக்குள்ள இன்னும் போய்ச் சேரல்லப்பா. கிண்ணியாவில இருந்து தோணியில வந்த களைப்பு அதுக்கும் இரிக்கும்தானே.

— பகிடி விடாதையுங்கோ. நீங்கள் செடி விக்கிற ஆள். செடி பிழைச்சால் ஓலைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு தோணியேறிப் போயிடுவியள். நான் இந்த வளவுத் தோட்டக்காரன். பின்னேரம் நாலு மணிக்கு நேவித் துரை வந்து நாவல் மரத்தடியைப் பார்க்கப் போறார். வெயில் விழாத இடம், எந்த நேரமும் சேறு. அதில பூக்கிற செடி நிக்கவேணும். முழங்காலுக்கு மேல வளரப்படாது. நாய் தின்னாலும் நாய்க்கு ஒண்டும் ஆகப்படாது. ஆச்சுதோ, என்ர வாசல் பாஸ் போச்சு.

— நாய் எண்டு சத்தமாச் சொல்லாதீங்க. கேட்டிரும்.

— ஆருக்கு, துரைக்கோ?

— நாய்க்கு.

— ஓம் ஓம், சின்னத்துரை. வாய் தவறிப் போச்சு. குசினியாக்கள் பகிடிக்கு வைச்ச பேர், இப்ப அவர் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறார்.

— அவரைக் கட்டியிரிக்கா?

— பின்விறாந்தையில கட்டியிருக்கு. வந்ததில இருந்து நாலாந்தரம் கேக்கிறியள்.

— அஞ்சாந்தரமும் கேப்பன். கயிறா, சங்கிலியா?

— சங்கிலி! பயப்பிடாதையுங்கோ. அந்த மனிசனுக்கு என்ன குறை சொல்லுங்கோ? கப்பலில வந்தவர். காலமை ஈரல், பின்னேரம் பிஸ்கோத்து. நாங்கள் அரிசிக் கூப்பனுக்கு வரிசையில நிக்கிறம். படம் ஒட்டின பாஸ் இருக்கு அவருக்கு. நிரந்தரமாம். எனக்கு மாசத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கவேணும்.

— படத்தில எப்பிடி இரிக்கார்?

— என்னை விட வடிவாய்த்தான் இருக்கிறார்.

— கோவிக்காதீங்க. பாஸ் போனா வேற வேலை பாக்கலாம்தானே. சல்லி ஊர்ப் பக்கம் போய் ஆரோடயாவது கடலுக்குப் போங்களன்.

— உங்களுக்கு விளங்கேல்லை நானா. போன வருசம் சித்திரையில பிளேனில வந்து குண்டு போட்டாங்களே, அதுக்குப் பிறகு என்ர வள்ளத்தை நேவிக்காரன் எடுத்தான். பிறகு முள்ளுக்கம்பி வேலி அடிச்சான். வேலி எங்கால போகுது? என்ர வீட்டுக்கு அங்காலே. வீடு உள்ள, கிணறு உள்ள, பொஞ்சாதி உள்ள. பாஸ் இல்லாட்டில் நான் வெளிய. இராசையாவைத் தெரியுந்தானே?

— ஒங்களுக்கு முன்னால இஞ்ச நிண்ட தோட்டக்காரன்தானே?

— அவன்தான். நாவலடியில நீங்கள் தந்த வண்ணச்சேம்பை வைச்சான். சின்னத்துரை ரெண்டு இலை தின்றார், வாய் பலாக்காயளவு வீங்கினது. அண்டைக்கே பாஸைக் கிழிச்சாங்கள். இப்ப இராசையா கம்பிக்கு அங்கால நிண்டு பொஞ்சாதியைக் கூப்பிட்டுக் கதைக்கிறான். அவள் கம்பிக்குள்ளால பிட்டுப் பொட்டலத்தை நீட்டுறாள். என்ர சிவபாக்கியத்துக்கு ஏழு மாசம் நானா. முதல் பிள்ளை. நான் வெளிய நிண்டு பிள்ளையின்ர அழுகைச் சத்தத்தைக் கேக்கிறதோ? என்னால ஏலாது.

— யா அல்லாஹ். இதை முதல்லயே சொல்லியிரிக்கலாமே. சரி, இனி விளையாட்டில்ல. கடகத்தைப் பாப்பம். இந்தா, குரோட்டன். நல்ல நிறம், நல்ல குடும்பம்.

— வேண்டாம்! போன மாசம் நீங்கள் தந்த குரோட்டனைத் தின்றுபோட்டு துரையின்ர வெள்ளைச் சப்பாத்தில சத்தி எடுத்தவர். அதுதான் எனக்கு முதலாவது எச்சரிக்கை. ரெண்டாவது எண்டொண்டு கிடையாது.

— நித்தியகல்யாணி? மாசம் முப்பது நாளும் பூக்கிற புள்ள.

— அது நஞ்செல்லோ?

— நஞ்சுதான். வெயிலும் வேணும். ரெண்டுக்கும் சரிவராது, போகட்டும். வாழைக்குட்டி?

— முழங்கால் எண்டு சொன்னனே!

— துரைட முழங்காலா, சின்னத்துரைட முழங்காலா?

— நானா!

— சரி சரி. வல்லாரை. ஈரம் கேக்கும், நிழல் கேக்கும், ஆருக்கும் ஒரு தீங்கும் செய்யாது.

— அது பூக்கிறதெண்டு கண்ணுக்குத் தெரியாது. துரை புல்லெண்டு சொல்லுவார். அதோட சிவபாக்கியம் ஒரு நாளில சம்பல் அரைச்சு முடிச்சிடுவாள்.

— அப்ப ஒண்டே ஒண்டுதான் இரிக்கி. இப்ப நீங்க என்னைக் கடிக்க வெச்ச புள்ளதான். காசித்தும்பை. வெயில் கண்டா வாடும், நிழலும் ஈரமும் இரிந்தா சிரிக்கும். சிவப்பு, வெள்ளை, ஊதா, எல்லாம் பூக்கும். முழங்காலோட நிக்கும். நஞ்சில்ல. இதை விட அடக்கமான புள்ளைய நீங்க மூதூர் வரைக்கும் தேடினாலும் கிடைக்காது.

— கலியாணம் பேசுறியளோ, செடி விக்கிறியளோ?

— ரெண்டும் ஒரே வேலைதான். குறையை மறைக்கப்படாது. இதில ஒரு குறை இரிக்கி. தண்ணி இல்லாட்டி மத்தியானத்துக்குள்ள தலை சாஞ்சிரும். ஒங்கட நாவலடியில அந்தக் கவலை இல்லத்தானே.

— அதுதான் நானா எனக்கு விளங்காத கதை. இப்ப காய்ஞ்சு போய்க் கிடக்கு.

— எது?

— நாவலடி! வந்து பாருங்கோ. அஞ்சு மாசமாய்ச் சேறு. இந்த வறண்ட கச்சான் காத்துக்குக் கிணத்திலயே தண்ணி இறங்கிப் போச்சு, நாவலடி மட்டும் சொதசொதவெண்டு கிடந்தது. இஞ்சினியர்மார் மூண்டு பேர் வந்து கம்பி குத்திப் பார்த்தவங்கள். மலையில இருந்து நிலத்துக்குக் கீழால ஒரு ஆறு வருகுதாம். படமும் கீறிக்கொண்டு போனாங்கள். இப்ப நாலு நாளாய் ஆத்தைக் காணேல்லை.

— நாலு நாளா?

— ஓம். திங்கட்கிழமையில இருந்து.

— நான் திங்கட்கிழமையில இருந்துதானே வரல்ல. காய்ச்சலில படுத்திரிந்தன்.

— அதுக்கு ஆறு என்ன செய்யும்? உங்களுக்குக் காய்ச்சலெண்டால் ஆத்துக்கும் காய்ச்சலோ?

— வல்லிபுரம், ஒரு விசயம் சொல்லுவன். கோவிக்கப்படாது.

— முதல்ல சொல்லுங்கோ. பிறகு யோசிப்பம்.

— சின்னத்துரைக்கு என்னில நல்ல விருப்பம். நான் வந்தாப் போதும், பாஞ்சு வந்து நக்குவார். கை, கால், உடுத்த சாரம், ஒருக்கா தொப்பியையும் நக்கிப் போட்டார். நாய் நக்கினா எங்களுக்கு ஏழு தரம் கழுவணும். அதில ஒரு தரம் மண் போட்டு. அப்பதான் தொழலாம்.

— அது தெரியும். அதுக்கென்ன?

— முன்னால நிண்டு கழுவினா, தன்ட நாயை இவன் அருவருக்கான் எண்டு துரைட மனசு நோகும். அதால நீங்க தேத்தண்ணி குடிக்கப் போற நேரம் பாத்து, மறைவா, நாவலடியில...

— ஏழு தரமோ?

— ஏழு தரம்.

— ஒவ்வொரு நாளும்?

— ஒவ்வொரு நாளும்.

— என்னத்தால?

— குசினிப் பைப்பில வாளியால எடுத்து. ஒரு தரத்துக்கு ஒரு வாளி. சாரமெல்லாம் நனைக்கணுமே.

— அப்ப அந்தக் குழி? ஆரோ மண்ணைத் தோண்டியிருந்தது! பண்டி தோண்டுதெண்டு நான் ரெண்டு கிழமை பொறி வைச்சுக் காத்திருந்தன்!

— மண் போட்டுக் கழுவணும் எண்டு சொன்னனே.

— அட கறுமமே! அறுந்துபோன ஆறு இஞ்ச செருப்புப் போட்டுக்கொண்டு நிக்குது! நாலு மாசம் நானா, நாலு மாசம் அந்தச் சேத்துக்குள்ள நிண்டு என்ர கால் ரெண்டும் புண். இராசையாவின்ர குடும்பம் பிரிஞ்சு போச்சு. இஞ்சினியர் படம் கீறினான். எல்லாம் உங்கட வாளித் தண்ணிக்கோ?

— கத்தாதீங்க. என்னிலயும் பிழைதான். ஆனா ஒண்டு கேக்கன். இந்த வளவில எத்தனை பேர் இரிக்காங்க. சின்னத்துரை ஒங்களை நக்குறாரா?

— என்னை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

— குசினிக்காரரை?

— இல்லை.

— அப்ப என்னை மட்டும் என்னத்துக்கு? அதோட ஈரல் தின்னுற ஆள் குழையை என்னத்துக்குத் தின்னுறார்? இந்தக் கடகத்தைக் கொஞ்சம் மணந்து பாருங்க.

— என்ன மணக்குது... கருவாடு. சூடைக் கருவாடு.

— கடகம் ஆருடது?

— ஆரோ மீன்காரன்ர போல கிடக்கு.

— சொல்லுங்க வல்லிபுரம். வள்ளம் போன பிறகு கருவாட்டுக் கடகம் எனக்கு என்னத்துக்கு எண்டு ஆர் எனக்குத் தந்தது?

— நான்தான்.

— நான் அதைத் தலையில வெச்சித்தான் தோணியால இறங்கி வாறன். அதுக்குள்ளதான் செடி. செடியும் கருவாடு, நானும் கருவாடு. பாவம், அந்தச் சீவன் ஏமாந்து குழையைத் தின்னுது.

— அப்ப கடகத்தை மாத்தினால் அவர் செடியைத் தொடமாட்டார். உங்களை நக்கமாட்டார். நீங்கள் கழுவமாட்டியள். நாவலடி காயும். ஐயோ நானா, எல்லாம் முடிஞ்சுதே! தாங்கோ, அந்தக் கடகத்தை இப்பவே அடுப்பில வைக்கிறன்!

— மெதுவா, மெதுவா. ஆரோ வாறாங்க.

— கந்தோர்க் கிளாக்கர் குணரத்தினம் ஐயா. வாருங்கோ ஐயா! நல்ல நேரத்தில வாறியள்!

— வல்லிபுரம், குறித்த ஈரநிலம் எவ்விடம்? துரை வருமுன் பார்த்து எழுதச் சொல்லி உத்தரவு.

— ஈரநிலமோ? ஈரமே இல்லை ஐயா. கையை வைச்சுப் பாருங்கோ. காய்ஞ்சு பாளம் பாளமாய் வெடிக்குது. நாயும் இனிச் செடி தின்னாது. எல்லாம் தீர்ந்துபோச்சு!

— அப்படியா? மிக்க சந்தோசம். பாஸைத் தாரும்.

— புதுப்பிக்கவோ?

— திருப்பி எடுக்க. இந்தத் தாளில என்ன இருக்கு எண்டு வாசிக்கிறன் கேளும். "நாவல் மரத்தடி ஈரநிலப் பிரச்சினை தீரும்வரை மேற்படி வளவில் ஒரு தோட்டக்காரர் வைத்துக்கொள்ளப்படலாம்." தீரும்வரை. தீர்ந்தால் மேற்படி தோட்டக்காரர் தேவையில்லை.

— ஐயா, செடி தின்று நாய்க்கு வருத்தம் வந்தாலும் பாஸ் போகும். வராட்டிலும் பாஸ் போகுமோ?

— அதுதான் ஒழுங்கு.

— இதென்ன விசர் ஒழுங்கு! என்ர வீடு உள்ள இருக்கு ஐயா! பொஞ்சாதி பிள்ளைத்தாச்சி! எழுதாதையுங்கோ. தீரேல்லை எண்டு எழுதுங்கோ. உங்கட காலில விழுறன்.

— எழும்பும், எழும்பும். நான் உமக்கு எதிரியில்லை. இதில ரெண்டு பெட்டி கீறியிருக்கு. "தீர்ந்தது", "தீரவில்லை". கண்ணால பார்த்ததைத்தான் நான் எழுதலாம். ஈரமெண்டால் ஈரம், காய்ஞ்சதெண்டால் காய்ஞ்சது. நிலம் காய்ஞ்சு கிடக்கு, நீரும் அதையேதான் சொன்னீர். நான் என்ன செய்ய?

— கிளாக்கர் ஐயா, ஒரு பத்து நிமிசம் பொறுப்பீங்களா?

— நீர் யார்?

— செடி கொண்டாற ஸெய்னுதீன். இந்த ஆறு ஒரே மாதிரி ஓடாது ஐயா. விட்டு விட்டுத்தான் வரும். இப்ப வாற நேரம்தான்.

— அப்படியும் ஒரு ஆறு இருக்கோ?

— இரிக்கி. இஞ்சினியர்மார் படமே கீறியிரிக்காங்க. வல்லிபுரம், அந்தக் காசித்தும்பையை நடுங்க. தள்ளி நடாதீங்க, வாய்க்கு எட்டுற மாதிரி ஓரமா நடுங்க. தின்னட்டும். நாளைக்கு வேற கொண்டாறன், இதே கடகத்தில. அவர்ட வவுத்துக்கு ஒண்டும் ஆகாது, நான் தின்னு பாத்தவன்தானே.

— நானா... வேண்டாம் நானா. காய்ச்சலால எழும்பி வந்த உடம்பு. அவரைக் கண்டால் மரத்துக்குப் பின்னால ஒளிக்கிற மனிசன் நீங்கள். எனக்காண்டி ஒவ்வொரு நாளும் இதென்ன சீவியம்?

— நாய் நக்கினது ஏழு தரம் கழுவினா போயிரும். ஒங்கட புள்ள பிறக்கக்குள்ள நீங்க கம்பிக்கு வெளிய நிண்டா, அதை நான் எத்தனை வாளியால கழுவுறது? போங்க, போய்ச் சங்கிலியைக் கழட்டி விடுங்க, வரக்குள்ள குசினி வாளியையும் நாவலடிக்குக் கொண்டாங்க.

— இதென்ன செய்யிறீர்கள் ரெண்டு பேரும்? எதுக்கு நாயை அவிழ்க்கிறீர்?

— நாய் எண்டு சொல்லாதீங்க கிளாக்கர் ஐயா, மனசு நோகும். சின்னத்துரை! வாங்க மகன், வாங்க வாங்க. இந்தா, இண்டைக்கு ரெண்டு கையும் ஒங்களுக்குத்தான்.