தீன்னு கத்தச் சொன்னீங்களே

இல்ல சிஸ்டர், உக்காரல. உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். தண்ணி மட்டும் குடுங்க. உதடா? கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதான், அதை விடுங்க. என்னைத் தெரியுதுல்ல? வெளிநாட்டுக்குப் படிக்கப் போற பிள்ளைங்களுக்கு காலேஜ்ல வகுப்பு எடுத்தீங்களே, ஆபத்து வந்தா என்ன செய்யணும், அடிபட்டா என்ன செய்யணும்னு. அதுல பொண்ணுக்குத் துணையா வந்து கடைசி பெஞ்சுல இருந்தேனே. ஆங், அதேதான். திருடன் அம்மா!

பேரு வெச்சதே நீங்கதானே. திருடனா நடிக்க யாராவது வாங்கன்னு கூப்பிட்டீங்க, பிள்ளைங்கல்லாம் வெக்கப்பட்டு நெளிஞ்சுதுங்க. நான் எந்திரிச்சு வந்தேன். என் பொண்ணு கழுத்தையே பின்னாலேருந்து புடிக்கச் சொன்னீங்க. அவ குதிகாலால என் பாதத்தை மிதிச்சு, முழங்கையால விலாவுல ஒரு குத்து, திரும்பி மூக்குக்கு நேரா கையை ஓங்கி நிறுத்திட்டா. நான் விழுந்ததைப் பாத்துட்டு, என்னம்மா இவ்வளவு பக்குவமா விழுறீங்க, பழக்கமான்னு சிரிச்சீங்க. பழக்கம்தான் சிஸ்டர். கல்யாணம் ஆனதுலேருந்து.

அப்புறம் கட்டு போட்டுக் காட்ட என் கையையே நீட்டச் சொன்னீங்க. துணியை மேல சுருட்டினதும் கன்னிப்போன தடத்தையெல்லாம் பாத்துட்டு, இது என்னன்னு கேட்டீங்க. குளிக்கிற இடத்துல வழுக்கிடுச்சுன்னேன். நீங்களும் தலையாட்டுனீங்க. ஆனா வெளிய வரும்போது, எப்ப வேணும்னாலும் வாங்கன்னு வீட்டுக்கு வழி சொன்னீங்க பாருங்க, அதை நான் மறக்கல.

அவ கிளம்ப வேண்டிய நாள் இன்னைக்குத்தான். என் பொண்ணு வெளிநாட்டுல படிக்கப் போறான்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்ச எங்க வீட்டு மனுஷன், காலையில அவ பெட்டியைப் பூட்டுற சத்தம் கேட்டதும் மாறிட்டாரு. யாரைக் கேட்டுப் போறேங்கிறாரு. காய் நறுக்குற கத்தியை எடுத்துட்டு வந்து பெட்டியை வயித்தைக் கிழிக்கிற மாதிரி நீளமாக் கிழிச்சாரு. மருந்து, சட்டை, புத்தகம் எல்லாம் தரையில. அவ குனிஞ்சு பொறுக்கினா, முடியைச் சுருட்டிப் புடிச்சு தலையைச் செவுத்துல மோதுனாரு. ஒருதரம் இல்ல சிஸ்டர். என்னை அடிச்சப்பல்லாம் எண்ணத் தோணும், இவளை அடிக்கையில எண்ண முடியல.

அப்பத்தான் அவ கத்துனா. ஐயோ இல்ல, அம்மா இல்ல. தீ! தீ! காப்பாத்துங்கன்னு கத்தாதீங்க, ஒருத்தரும் வரமாட்டாங்க, தீன்னு கத்துங்கன்னீங்களே. அடேயப்பா! இத்தனை வருஷமா நான் தொண்டை கிழியக் கத்தி ஒரு ஜன்னல் திறக்கல. இன்னைக்கு மாடி பூரா இறங்கி வந்துடுச்சு. ஒருத்தர் பக்கெட்டு, ஒருத்தர் ஈரச் சாக்கு. எதிர்வீட்டுக்காரர் முகத்துல சோப்பு நுரையோட நிக்கிறாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அந்த நேரத்துல! அவங்க வீடு எரிஞ்சுடக் கூடாதே.

அந்தக் கும்பலுக்குள்ள அவ நழுவிட்டா. பெட்டி போனா போகட்டும், பாஸ்போர்ட்டு உடம்போட இருக்கணும்னு நீங்க சொன்னதுலேருந்து அவ அதை இடுப்புல கட்டிட்டுத்தான் தூங்குவா.

இவரு கத்தியை முதுகுக்குப் பின்னால மறைச்சுட்டு, ஒண்ணுமில்லைங்க, பால் பொங்கி அடிப்புடிச்சுடுச்சுன்னு சிரிச்சுப் பேசி எல்லாரையும் அனுப்பி வெச்சாரு. ஒருத்தர் உள்ள எட்டிப் பாக்கணுமே! கதவைச் சாத்திட்டு வண்டிச் சாவியைத் தேடுறாரு. ஏர்போர்ட்டுலேயே அவ கதையை முடிக்கிறேன்னாரு. சும்மா சொல்ற ஆளு இல்ல. என்னை மிதிச்சுட்டுத்தான் போகணும்னு வாசலை மறிச்சேன். மிதிச்சாரு. எந்திரிச்சேன். மறுபடி மிதிச்சாரு. பின்னாலேருந்து கழுத்தைப் புடிச்சாரு பாருங்க, அங்கதான் தப்புப் பண்ணாரு. திருடனா நின்னு வாங்குன அடி எனக்கு அத்தனையும் ஞாபகம் இருந்துச்சு. பாதம், விலா, மூக்கு. நான் கையை நிறுத்தல. பச்சைக் கேரட்டை உடைச்ச மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ரெண்டு பேரும் தரையில உருண்டோம். கத்தி யார் கையில இருந்துச்சுன்னு கேட்டா, மொதல்ல அவரு கையில.

போன் பண்ணியிருக்கலாம்தான். ஆம்புலன்ஸ் வந்தா பின்னாடியே போலீஸ் வரும். போலீஸ் வந்தா பொண்ணை நிறுத்தி வெச்சு விசாரிப்பாங்க. அவளும் திரும்பி ஓடி வந்துடுவா, எனக்காக. அதான் அவரு பக்கத்துலேயே உக்காந்திருந்தேன். இப்பத்தான் செய்தி போட்டா, பிளேன் ஓடுதும்மான்னு. பாத்துட்டு நேரா இங்க வந்தேன்.

இருக்கு சிஸ்டர், அவருக்கு மூச்சு இருக்கு. என்னைத் திட்டுற அளவுக்கு இருக்கு. ஏதாவது குத்தி உள்ள நின்னுட்டா என்ன செய்யணும்னு நீங்க பாடம் எடுத்த அன்னைக்கு, வகுப்பு வாசலுக்கே வந்து எங்க ரெண்டு பேரையும் பாதியில எழுப்பி இழுத்துட்டுப் போயிட்டாரு மனுஷன். அதான் எனக்குத் தெரியல. கத்தியைப் புடுங்கணுமா, இல்ல அப்படியே விட்டுடணுமா?