குத்துச்சண்டைக்காரன் சாகும் காட்சி

லுண்ட்: ...அவ்வளவு சீக்கிரம் செத்துடாத எய்னார்! இப்பதான் குத்து வாங்கி மேடையில விழுந்திருக்க. வயலின், நிறுத்தாம வாசிங்க! ராக்னில்ட், அவன் தலைய மடியில வச்சுக்கிட்டு அழு!

ராக்னில்ட்: மீனும் பச்சை வெங்காயமும் தின்னுட்டா வந்த?

எய்னார்: ஊமைப் படம்தானே... வாசனை மட்டும் திரையில வந்துருமா?

ராக்னில்ட்: எனக்கு வருதே!

லுண்ட்: அபாரம்! இன்னும் குனி!

எய்னார்: பாத்தியா, டைரக்டரே சொல்லிட்டார்.

ராக்னில்ட்: காலையில காபிக் கோப்பைய எடுக்கப் போயி மேஜையத் தடவின... பாத்துட்டேன்.

எய்னார்: தூக்கக் கலக்கம்.

ராக்னில்ட்: இடது கண்ணு தெரியல... அதானே?

எய்னார்: மெதுவா! அவருக்குத் தெரிஞ்சா என்னைத் தூக்கிட்டு வேற ஆளப் போட்டுருவார்.

ராக்னில்ட்: இந்த வயலின் சத்தத்துல எங்க கேக்கப்போகுது? இந்தக் கண்ண வச்சுக்கிட்டு ஹாம்பர்க்ல நிஜச் சண்டைக்குப் போறியாமே?

எய்னார்: எந்தப் பய உளறினான்?... ஒரே ஒரு சண்டை. ஜெயிச்சுட்டு வந்து, கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேக்கலாம்னு...

ராக்னில்ட்: யார்கிட்ட?

எய்னார்: உன் பூனைகிட்ட.

லுண்ட்: எய்னார்! சாகுறவன் இளிக்கக் கூடாது!

ராக்னில்ட்: இருக்கிற கண்ணும் போயிட்டா... என்னை எப்படிடா பாப்ப?

எய்னார்: ஏய்... நிஜமாவே அழறியா?

லுண்ட்: ஆஹா, கண்ணீர்! கோபன்ஹேகனே அழப்போகுது!

எய்னார்: போகலன்னா நான் வெறும் பொய்ச் சண்டைக்காரன். நம்ம துறைமுகத்து ஆளுங்க எல்லாரும் சிரிப்பாங்க.

ராக்னில்ட்: சிரிக்கட்டும். பொய்ச் சண்டைக்காரன் சாயங்காலமானா முழுசா வீட்டுக்கு வந்துருவான்.

எய்னார்: எந்த வீட்டுக்கு?

ராக்னில்ட்: ...நம்ம வீட்டுக்கு. ஹாம்பர்க் போகலன்னு சொல்லு. சொல்லிட்டுச் சாவு.

எய்னார்: போகல... சத்தியமா போகல.

லுண்ட்: கண்ண மூடு!... தலை சாயட்டும்... கட்!

எய்னார்: ஒழுங்கா செத்தேனா ஐயா?

லுண்ட்: எங்க செத்த? மாப்பிள்ளை மாதிரில்ல படுத்திருந்த! மறுபடி எடுக்கணும். ராக்னில்ட், ‘நம்ம வீட்டுக்கு’ன்னு சொல்றப்ப முகத்தக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பும்மா.

ராக்னில்ட்: என்... என்ன சொன்னீங்க?

லுண்ட்: எங்க அம்மாவுக்குக் காது கேக்காது. உதட்டப் பாத்தே பேசி வளந்தவன் நான்.

எய்னார்: ஐயா... அப்ப, என் கண்ணு...

லுண்ட்: ஆரம்பத்துலேருந்து உன் எதிராளிய வலது பக்கமாவே நிக்க வச்சு எடுக்கறேனே, அழகுக்குன்னா நெனச்ச? படுடா. வெயில் போறதுக்குள்ள இன்னொரு தடவை சாகணும்.