ஸ்டேஷனுக்குச் சுற்றுவழி

— அண்ணே, ஸ்டேஷனுக்கு இடது பக்கம் திரும்பணும்ல? டாக்ஸியை நேரா விடுறீங்களே!

— இடது பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான் டாக்டரம்மா. குழாய் பதிக்கிறாங்க.

— காலையில ஆஸ்பத்திரிக்கு அந்த வழியாத்தானே வந்தேன்...

— காலையில தோண்டலை. மத்தியானம் தோண்டினான். நம்ம ஊர்ல வேலைன்னா அவ்வளவு வேகம்!

— நம்பிட்டேன். சரி, இது எங்க ஏறுது?

— மேம்பாலம்மா.

— அது தெரியுது. ஸ்டேஷன் அந்தப் பக்கம் இருக்கு, மேம்பாலம் இந்தப் பக்கம் போகுது!

— ஊருக்கு இருக்கிறதே ஒரே ஒரு மேம்பாலம். அதுல ஏறாமப் போனா கோவிச்சுக்காதா? திறந்த அன்னிக்கு ஊரே நடந்து ஏறிச்சு. என் மாமியார் மூட்டுவலியெல்லாம் மறந்துட்டு உச்சியில நின்னு, "நம்ம வீட்டு மொட்டை மாடி தெரியுது மாப்ளே"ன்னு கத்திச்சு.

— தெரிஞ்சுதா?

— அது மருந்துக் கடைக்காரர் மாடி. மாமியார்கிட்ட யாரு போய்ச் சொல்றது?

— சிரிக்க வைக்காதீங்கண்ணே... ரயில் வந்துடும். சீக்கிரம்.

— இதோ, பறக்கிறேன்.

— இதுவா பறக்கிறது? சைக்கிள்காரர் நம்மளைத் தாண்டிப் போறாரு!

— அவரு போஸ்ட்மேன். அவசரமா இருப்பாரு.

— நானும் அவசரமாத்தான் இருக்கேன்! ...ஏன் நின்னுட்டீங்க?

— டிராபிக் ஜாம்!

— அதை ஏன் இவ்வளவு சந்தோஷமா சொல்றீங்க?

— பின்னே? கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் நமக்கு இது கிடையாதும்மா. இப்ப ஸ்கூல் விடுற நேரம் நமக்குன்னு ஒரு ஜாம் இருக்கு. அதுவும் அளவா. ஒரு கொட்டாவி விட்டு முடிக்கிறதுக்குள்ள கலைஞ்சிடும். பெரிய ஊர்ல மாட்டினா ஒரு தூக்கமே போட்டு எழுந்திரிக்கலாம்.

— ஸ்கூல் விடுற நேரம்னு தெரிஞ்சே இந்த வழியா வந்தீங்களா?

— அது... அதோ பாருங்க, ஸ்கூட்டர்ல ஒரு அம்மா உங்களுக்குக் கையாட்டுது!

— ஆமா... உதடு பிளந்து பிறந்த பொண்ணோட அம்மா. பின்னாடி உட்கார்ந்து பல்லைக் காட்டுறாளே, அவதான்! நான் தையல் போட்ட உதடு!

— என்னமா சிரிக்குது! ஆமா... பெரிய ஊர்ல நீங்க ஆபரேஷன் பண்ணின பிள்ளை ஜாம்ல உங்க பக்கத்துல வந்து நிக்குமா?

— நிக்காது. வாசல் தாண்டிப் போனா அப்புறம் பேருகூட ஞாபகம் இருக்காது.

— சொல்லுங்க! நல்லா உரக்கச் சொல்லுங்க!

— எதுக்கு உரக்கச் சொல்லணும்? ...உங்க போன் அடிக்குது பாருங்க.

— ஹலோ... ம்... பின்னாடிதான் உட்கார்ந்திருக்காங்க... இல்லடி, இன்னும் மேம்பாலத்துப் பக்கம்தான்... சரி, சரி, வை.

— யாரு?

— வீட்டுக்காரிம்மா. காய் வாங்கிட்டு வரச் சொல்றா.

— உங்க வீட்டுக்காரி இந்நேரம் எங்க ஆஸ்பத்திரி ரிசப்ஷன்லதானே இருப்பாங்க? நான் பின்னாடி உட்கார்ந்திருக்கிறதுக்கும் காய்க்கும் என்ன சம்பந்தம்?

— ...ஜாம் கலைஞ்சிடுச்சும்மா.

— பேச்சை மாத்தாதீங்க. அது... அண்ணே, ரயில் சத்தம்! கேட்குதா?

— கேட்குது.

— அப்புறம் ஏன் ஓரங்கட்டுறீங்க? ஓட்டுங்கண்ணே!

— ஓட்ட மாட்டேன் டாக்டரம்மா. அந்த ரயில் போகட்டும். அப்புறம் என்னை என்ன வேணா திட்டுங்க. போலீஸ்ல சொல்லுங்க. இன்ஸ்பெக்டர் என்கூடப் படிச்சவன்தான், அவனும் என் பக்கம்தான்.

— எதுக்கு?

— எங்களுக்கு எல்லாம் தெரியும். பெரிய ஊர் ஆஸ்பத்திரிலேருந்து வேலைக்குக் கூப்பிட்டு உங்களுக்கு வந்த போனை எடுத்தது என் வீட்டுக்காரிதானே? அப்புறம் வீட்டைக் காலி பண்றேன்னு சொல்லிட்டீங்க. மருந்துக் கடையில அட்டைப் பெட்டி கேட்டு வாங்கினீங்க. இன்னிக்குக் கையில ஒரு பைகூட இல்லை... சாமானை எல்லாம் முன்னாடியே ஏத்தி அனுப்பிட்டீங்க!

— உங்க மாமியார்கிட்ட சொல்லாத அந்த மாடி விஷயம் ஒண்ணுதான் இந்த ஊர்ல ரகசியம் போல. மத்ததெல்லாம் ஊருக்கே தெரிஞ்சிடுது!

— விளையாடாதீங்கம்மா. நீங்க வர்றதுக்கு முன்னாடி பிள்ளைக்கு ஆபரேஷன்னா பெரிய ஊருக்குத்தான் ஓடணும். எத்தனையோ தடவை நான்தான் ஓட்டிட்டுப் போயிருக்கேன். ஒரு தடவை பாதி வழியில, பின்னாடிலேருந்து ஒரு அப்பா என் தோள்ல கை வச்சு, "மெதுவாவே போங்க தம்பி, இனிமே அவசரம் இல்லை"ன்னாரு. அந்த ரோட்டுல இப்ப நான் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறதே இல்லை. சுற்றுலாக்காரங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, அவ்வளவுதான். அதான் இன்னிக்கு உங்களை ஊரைச் சுத்த வச்சேன். எங்க ஊருக்கும் ஒரு டாக்டர் இருக்காங்கன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிட்டு இருந்தோம். அதை விட மனசு வரலை...

— ரயில் கிளம்பிடுச்சு. சத்தம் கேட்குது.

— மன்னிச்சிடுங்கம்மா.

— அந்த ரயில்ல ஏறப் போறேன்னு நான் எப்பண்ணே சொன்னேன்?

— ஏறப் போகலையா? அப்புறம்... அந்தப் பெரிய ஆஸ்பத்திரி?

— போன்லயே முடியாதுன்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள உங்க வீட்டுக்காரி எழுந்து ஓடியிருப்பாங்க, உங்ககிட்ட சொல்ல.

— அப்ப வீட்டைக் காலி பண்றது? ஸ்டேஷன்ல என்ன வேலை?

— ரெண்டு பேருக்கு அந்த வீடு பத்தாதுண்ணே. பெரிய ஊர்ல பார்த்த வேலையை விட்டுட்டு என் வீட்டுக்காரர் இந்த ஊருக்கே வந்துட்டாரு. இந்நேரம் நாலு பெட்டியோட, எவனும் கூப்பிட வரலைன்னு பிளாட்பாரத்துல முழிச்சிட்டு நிப்பாரு. முதல்லயே சொல்லியிருப்பேன், ஆனா நீங்க ஊரைப் பத்திப் பேசப் பேச, இன்னும் கொஞ்சம் கேட்கலாம்னு இருந்துச்சு. வண்டியை எடுங்க. அவரை ஏத்திக்கிட்டு, நேர் வழி வேண்டாம்... மேம்பாலத்து மேலயே வாங்க. நம்ம ஊரை அவரும் ஒரு தடவை முழுசாப் பார்க்கட்டும்!