இரண்டாம் பக்கம்

கிரெடிட் கார்டு கேட்டு வரும் விண்ணப்பங்களை நாங்கள் மறுப்பதற்குப் பெரும்பாலும் பெரிய காரணம் எதுவும் இருக்காது, ஐயா. சம்பளம் போதாது, வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை, முகவரி ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கிறது. அவ்வளவுதான். பதினான்கு வருடமாக வங்கியில் அந்த மேசையில் உட்கார்ந்து ஏற்பதும் மறுப்பதும்தான் என் வேலை. யார்மேலும் எனக்குக் கோபம் இருந்ததில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஒருவர் கார்டு கேட்கும்போதெல்லாம் வங்கி அவருடைய கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்கும். பார்த்தது அதிலேயே பதிவாகிவிடும். இரண்டு மாதத்தில் ஏழெட்டு வங்கிகள் பார்த்திருந்தால், அடுத்த வங்கி, ‘இந்த ஆள் கை நீட்டாத இடமே இல்லை போலிருக்கிறது’ என்று ஒதுங்கிக்கொள்ளும். வாழ்நாளில் ஒரு பைசா கடன் வாங்காதவருக்கும் இதே கதிதான்.

என் தங்கை சிட்டு ஒரு பைசா கடன் வாங்கியதில்லை.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளை வளர்த்தவன் நான். கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவாள். விரல் நுனியெல்லாம் சின்னச் சின்னக் கீறல்கள். இருபத்தாறு வயதில், கடைக்குப் பக்கத்தில் தனி அறை பார்த்திருப்பதாகச் சொன்னாள். முன்பணத்தை மொத்தமாகப் புரட்ட முடியாது, கார்டு இருந்தால் தவணையில் கட்டிவிடலாம் என்றாள்.

“கோபமாண்ணா?”

“எனக்கென்ன கோபம்? போட்டுப் பாரு.”

அவள் போடுவதற்கு முன்னால் நான் போட்டேன். அவளுடைய அடையாளத் தாள்களெல்லாம் என் பீரோவில் இருந்தன. அவள் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, மூன்று வாரத்தில் பதினோரு வங்கிகளுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் சம்பளத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதினேன். சாப்பாட்டு இடைவேளையில்தான் செய்தேன். அலுவலக நேரத்தைத் தொடவில்லை.

அவளுக்கு மறுப்புக் கடிதம் வந்தது. தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

“குறுகிய காலத்துல நிறைய விண்ணப்பம்னு போட்டிருக்கு. நான் ஒண்ணுதானேண்ணா போட்டேன்?”

“போன் கடையில எதையாவது எழுதிக் குடுத்திருப்ப. அதெல்லாம் கணக்குல வரும்.”

“அப்ப என்னை நம்ப ஊர்ல ஒருத்தருமில்ல. பேசாம நானே ஒரு பேங்க் ஆரம்பிச்சு உன்னை மேனேஜரா போட்டுடறேன். அப்பவாவது குடுப்பியா?”

இருவரும் சிரித்தோம். உண்மையாகவே சிரித்தோம். அந்த அறைக்கு வேறு யாரோ குடிவந்தார்கள்.

அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான்கைந்து விண்ணப்பங்கள் போட்டுவந்தேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. இரண்டு வருடம் அப்படிப் போனது. அவள் கேலி பேசுவதை விட்டாள். தன்னிடம்தான் ஏதோ குறை என்று நம்பத் தொடங்கினாள். என்னிடம் எதையும் கேட்பதையும் நிறுத்தினாள்.

அன்று காலை பதினொன்றே முக்காலுக்கு என் திரையில் அவள் பெயர் வந்தது. ஒரு சிறிய தனியார் மருத்துவமனையின் கவுண்ட்டரிலிருந்து, உடனடிக் கார்டு கேட்டு. உறவினர் விண்ணப்பம் வந்தால் அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. அடுத்த மேசையில் இருக்கும் பெண்மணி எதையும் தோண்டிப் பார்க்கிறவர். ஒரே பெண்ணுக்கு இத்தனை விண்ணப்பங்களா, யார் போட்டது என்று கேட்டிருப்பார். அதனால் நானே வைத்துக்கொண்டேன். மறுத்தேன். குறுகிய காலத்தில் அதிக விண்ணப்பங்கள் என்று காரணம் எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை.

முன்பணம் இல்லாமல் அங்கே அவளைச் சேர்க்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேருந்து ஏறி, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். போய்ச் சேர்வதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது. மறுநாள் மதியம் இறந்தாள். நான்தான் கொள்ளி வைத்தேன்.

முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன், எதற்காகக் கேட்கிறாள் என்று எழுதியிருந்த இரண்டாம் பக்கத்தைத் திறக்கவே இல்லை என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அந்தப் பக்கம் என் திரையில் ஆறு நிமிடம் திறந்திருந்ததற்கான பதிவை இன்று நீங்கள் காட்டினீர்கள். அதனால் நீங்கள் கொடுத்த இந்தத் தாளில் சரியாகவே எழுதிவிடுகிறேன்.

படித்தேன். ‘குடல்வால் அறுவை, இன்றே’ என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்த ஆறு நிமிடமும் போன் என் கையில்தான் இருந்தது. மறுத்த பிறகும் சாயங்காலம்வரை கீழே வைக்கவில்லை. மருத்துவமனை கேட்ட முன்பணத்தைப்போல மூன்று மடங்கு என் கணக்கில் இருந்தது. ‘அண்ணா’ என்று ஒரு வார்த்தை போதும், ஓடியிருப்பேன்.

அவள் கூப்பிடவே இல்லை. அந்தப் பிடிவாதம்தான், ஐயா, அவளைக் கொன்றது.