கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன்

“என் விரல் நடுங்குதுன்னு எவன் சொன்னான்? இப்பவே சொல்லு.”

“என்கிட்ட ஏன் கத்துறீங்க? நானா ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன்?”

பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டை சுவர் தாண்டி வந்தபோது நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ‘எவன்’ என்று கேட்டால் எப்படிப் பதில் கிடைக்கும்? ‘எவள்’ என்று கேட்டிருக்க வேண்டும்.

கத்தியவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒலிப்பதிவுக் கூடங்களில் பேஸ் கிடார் வாசிப்பவர். நாலு தடித்த கம்பி, ‘டும் டும்’ என்று ஒரு சத்தம். பாடியவர் பேர் ஊருக்கே தெரியும். இவர் பேர் இவர் வீட்டு கேஸ் ரசீதில் மட்டும்தான். ரேடியோவில் தான் வாசித்த பாட்டு வந்தால் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்வார். “இதோ வருது, இதோ... போச்சு” என்பார். நாங்களும் கேட்ட மாதிரித் தலையாட்டி வைப்போம்.

ஒரு நாள் அவர் வாசிப்பதை ஜன்னல் வழியே பார்த்தேன். பார்க்கப் போகவில்லை, கண்ணில் பட்டது. கம்பியை அழுத்திய விரல் கிடுகிடுவென ஆடியது. “என்ன தம்பி, கை நடுங்குது?” என்றேன்.

சிரித்தார். “நடுக்கம் இல்லக்கா. இப்படி ஆட்டினாத்தான் சுரம் உயிரோட நிக்கும்.”

புரிந்தது. நான் ஒன்றும் மக்கு இல்லை.

அந்தச் சமயம் என் மகளுக்கு ஒரு பையனைப் பிடித்திருந்தது. அவனும் அதே வாத்தியம்தான். ஆனால் வாசிக்கக் கூப்பிடத்தான் ஆளில்லை. “கையில ஒரு வேலை இருந்தா பேசலாம்” என்றுவிட்டார் என் கணவர். அது தனி விஷயம்.

ஒலிப்பதிவுக்கு வாத்தியக்காரர்களை அழைக்கும் ஏற்பாட்டாளரின் மனைவியைத் தையல்கடையில் பார்த்தேன். “பாவங்க, எங்க பக்கத்து வீட்டுத் தம்பிக்கு விரல் நடுங்குது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றேன். கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். சொல்லாதே என்றும் சொன்னேன். இதற்கு மேல் ஒரு மனுஷி எவ்வளவு கவனமாக இருக்க முடியும்?

அழைப்புகள் குறைந்தன. கூப்பிட்ட இடத்திலும் எல்லோரும் அவர் விரலையே பார்த்தார்களாம். அவர்கள் பார்க்கப் பார்க்க நிஜமாகவே நடுங்கத் தொடங்கிவிட்டது. தண்ணீர் டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடித்தார். ஆக, நான் சொன்னது பொய்யில்லை. கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

சுவர் தாண்டி வந்த அந்தச் சண்டையைச் சமாதானம் செய்துவைத்ததும் நான்தான். வீட்டைக் காலி செய்த அன்று, “நீங்க பக்கத்துல இருந்ததாலதான் தாக்குப்பிடிச்சோம்க்கா” என்று அவர் மனைவி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நடிப்பில்லை. அவள் அண்ணன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்கள். மச்சானின் பெயிண்ட் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாராம். நிழலான வேலை.

காலியான இடத்துக்கு ஒரு நல்ல பையனின் பேரை ஏற்பாட்டாளர் மனைவியின் காதில் போட்டுவைத்தேன். அதே தையல்கடையில்தான். மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இருவரும் பக்கத்து வீட்டுக்கே குடிவந்துவிட்டார்கள். முன்பு இருந்தவர் புண்ணியத்தில் வீட்டு ஓனருக்கும் அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது.