பொட்டு வைக்க மறந்த பொம்மை

முகத்துக்கு வண்ணம் தீட்டும்போது அவசரமே கூடாது சார். தோலின் நிறம் நன்றாகக் காய வேண்டும். பிறகு கண், அப்புறம் புருவம், கடைசியாகப் பொட்டு. அதற்கு மேல் வார்னிஷ். வார்னிஷ் ஏறிவிட்டால் பிரம்மாவே வந்தாலும் திருத்த முடியாது.

நான் சொல்வது பொம்மையின் முகத்தை. ஆள் மொத்தமே சுண்டுவிரலின் ஒரு கணு உயரம்தான். முகம் கம்பு மணி அளவு இருக்கும்.

கச்சிராயபாளையத்தில் என் வீட்டு மாடிக்கு நீங்களே வந்து பார்த்தீர்கள். கள்ளக்குறிச்சிக்கு ரயில் வருகிறது, வருகிறது என்று நான் அரை டவுசர் போட்ட காலத்திலிருந்து சொல்கிறார்கள். எனக்குப் பொறுமை உண்டு, ஆனால் ஆயுள் ஒன்றுதானே. அதனால் மாடியில் நானே ஒரு ரயில் விட்டுவிட்டேன். பின்னால் கல்வராயன் மலை, முன்னால் ஸ்டேஷன். நேரத்துக்கு வருகிறது, நேரத்துக்குப் போகிறது. இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் எல்லாரும் எங்கள் ஊர்க்காரர்கள். வெள்ளைக்காரப் பொம்மைகளை வாங்கி, கோட்டு, சூட்டையெல்லாம் சுரண்டி, வேட்டியும் சேலையும் கட்டிவிட்டேன். யார் பார்த்தாலும் இன்னார் என்று சொல்ல வேண்டும், அதுதான் என் கொள்கை. என் கரும்புக் கொல்லையில் கூலி வேலை செய்த பிச்சைமுத்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி கொளஞ்சியம்மாள் பிளாட்பாரத்தின் கோடியில் கூடையோடு தனியாக நின்றாள்.

சென்னையில் பொம்மை ரயில் விடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எல்லாரும் எங்கள் ஊரில் இருக்கிறவர்கள்தான் என்று எழுதி, அதில் படம் போட்டேன். ஒருவர் எழுதினார்: "கடைசியில நிக்கிற அந்தக் கைம்பெண்ணைப் பாருங்க. ஒரு பொட்டை வைக்காமலே ஒரு வாழ்க்கையைச் சொல்லிட்டாரு." குழு முழுக்கக் கைதட்டல். ஓடிப்போய் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. பொட்டு வைக்க மறந்திருக்கிறேன்.

நன்றி என்று பதில் போட்டுவிட்டேன். பொங்கல் கழித்து எல்லாரும் வருகிறோம், அந்த அம்மாவையும் நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள்.

வார்னிஷுக்கு மேல் பொட்டு வைத்தால் பரு மாதிரி தூக்கிக்கொண்டு தெரியும். பெயர்த்து எடுத்தால் பிளாட்பாரம் பிய்ந்துவிடும். மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கலாமே என்பீர்கள். அத்தனை கைதட்டலையும் வாங்கிக்கொண்டு எந்த முகத்தோடு எழுதுவது? அதே சமயம், வருகிறவர்களிடம் வாய் கூசாமல் பொய் சொல்லவும் எனக்கு வராது. சொன்னதை உண்மையாக்குவது ஒன்றுதான் நேர்மையான வழியாகப் பட்டது.

பிச்சைமுத்து தங்கமான மனுஷன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன்மேல் எனக்கு எள்ளளவும் விரோதம் கிடையாது. நான் வரப்பில் நின்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எதிரில் வருவான். இந்தக் காலத்தில் இதெல்லாம் வேண்டாம் என்று அவனிடம் சொல்ல வேண்டும் என எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அன்றைக்கும் நினைத்தேன்.

மோட்டார் கொட்டகையில் ஒரு வேலையைக் காலையிலேயே முடித்து வைத்திருந்தேன். அவன் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான், தரையெல்லாம் ஈரம். நான் போய் வரப்பில் நின்றேன். அவன் செருப்பைக் கழற்றினான்.

"பிச்சை, மோட்டாரு நின்னுபோச்சு பாரு. போய் போட்டுட்டு வா."

"தோ போறேங்க," என்றான்.

கரெண்ட் அடித்துவிட்டது என்று ஊரே அழுதது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. காரியம் முடிகிற வரைக்கும் நானே கூட நின்று எல்லாவற்றையும் நடத்தினேன். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் பொங்கல் நெருங்கும்போது பார்க்கிறேன், கொளஞ்சியம்மாள் கடைத்தெருவில் பொட்டு வைத்துக்கொண்டு போகிறாள். வயிறெரிந்து போனது சார். அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"இன்னா கொளஞ்சி, இன்னும் பொட்டு வெச்சிக்கினு இருக்க?"

"பொண்ணுதாங்க வெக்கச் சொல்லுது. 'அப்பா செத்ததுக்கு நீ இன்னாம்மா பண்ணுவ, நீயா கொன்ன'ன்னு கேக்குதுங்க."

அவள் கொல்லவில்லைதான். அதை நான் ஒப்புக்கொண்டேன். இருந்தாலும் மெட்ராஸ்காரர்கள் வந்துவிட்டுப் போகிற வரைக்குமாவது அழித்துவிடு, இல்லாவிட்டால் நான் பட்ட பாடெல்லாம் வீண் என்றேன். உள்ளேயிருந்து அவள் மகள் இசைவாணி வந்தாள். கள்ளக்குறிச்சியில் காலேஜ் படிக்கிற பெண்.

"எங்கப்பா செத்ததுல நீங்க இன்னாங்க பாடு பட்டீங்க?"

கேள்வி நியாயமானது. கேட்டால் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. முதலிலிருந்து பொறுமையாகச் சொன்னேன். வார்னிஷ் விஷயத்தையும் விளக்கினேன்.  அந்தப் பெண் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே போன் போடுவது சரியில்லை என்று சொன்னேன், கேட்கவில்லை.

இப்போது டீக்கடை பெஞ்சு ஏன் காலியாக இருக்கிறது என்கிறீர்கள். பிச்சைமுத்துவை நான்தான் எடுத்தேன். செத்தவன் டீ குடித்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? அடியில் கொஞ்சம் வெந்நீர் விட்டு, பிளேடைக் கொடுத்தேன். சுத்தமாக வந்துவிட்டது. ஒரு கீறல்கூட விழவில்லை.

அப்படியானால் கொளஞ்சியம்மாள் பொம்மையையும் அதே மாதிரி எடுத்துவிட்டு, பொட்டு வைத்த பொம்மை ஒன்றை அங்கே நிற்க வைத்திருக்கலாமே என்கிறீர்கள். வைத்திருக்கலாம்தான். நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்கூடப் பிளேடை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போனேன். மனசு வரவில்லை சார். பாவம், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவள்.